கேட்டுவிட்டுப் பார்க்கலாம்: கண்டி முதல் எல்ல வரை

2025 பெப்ரவரி 7, வெள்ளி – கண்டி

பெரியம்மாவின் மகளான அக்கா ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவில் வேலை செய்கிறார். ஹோட்டலுக்கு அருகே 1306 ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட பழைய தேவாலயம் நிற்கிறது. அந்த நகரத்தில் இன்று எஞ்சியிருக்கும் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. அந்தத் தேவாலயத்தைச் சுற்றிலும் கால்வாய்க் கரைகளிலும் உள்ள சந்துகளில்தான் 'டி வாலன்' எனப்படும் சிவப்பு விளக்குப் பகுதி இருக்கிறது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அங்கே தெருவோரக் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் நிற்பார்கள். அக்கா அதிகாலையில் வேலைக்குப் போவதும் மாலையில் வீடு திரும்புவதும் அந்தச் சந்துகள் வழியாகத்தான். இம்முறை அவர் தன்னோடு வேலை செய்யும் டச்சுத் தோழியையும் தோழியின் கணவரையும் மலைநாட்டைக் காட்ட அழைத்து வந்திருந்தார். நான் கொழும்பிலிருந்து வந்து கண்டியில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்களைக் காண ஊர் விட்டு ஊர் வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி இந்தப் பயணம் முழுவதும் எங்களோடு வந்ததால், இந்தக் குறிப்புகளில் ஆம்ஸ்டர்டாமும் அடிக்கடி வரும்.

காலையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் போனோம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 2,000 ரூபாய். நமக்குக் கட்டணம் இல்லை. டச்சுக்காரர் முழங்கால் தெரியும் காற்சட்டையோடு வந்திருந்தார். வாசலில் நின்ற காவலர் கையைக் காட்டியதும் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல் எதிர்க்கடைக்குப் போய் ஒரு சாரம் வாங்கி உடுத்திக்கொண்டு வந்தார். உள்ளே புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது என்று சொன்னார்கள். அதற்கும் எல்லா நாட்டவரும் கட்டுப்பட்டே நடந்தார்கள். சொல்ல ஒருவர் இருந்தால் பயணிகள் கேட்கத்தான் செய்கிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

மதியம் சைவக் கடையில் மசாலாத் தோசை சாப்பிட்டோம். சாம்பாரில் காரம் கூடுதல் என்று தோழிக்குக் கண் கலங்கியதைக் கண்ட கடைக்காரர், கேட்காமலேயே ஒரு கோப்பைத் தயிரைக் கொண்டுவந்து வைத்தார்; அதற்குக் காசும் வாங்கவில்லை.

மாலையில் வாவிக் கரையோரம் நடந்தோம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் வெட்டுவித்த வாவி அது. இருட்டத் தொடங்கியதும் ஓர் ஓட்டோக்காரர் டச்சுக்காரர் பக்கம் வண்டியை ஒதுக்கி, தாழ்ந்த குரலில் "மசாஜ், மசாஜ்" என்றார். மனைவி பக்கத்தில் நடந்து வருவதைக் கண்ட பிறகும் அவர் விடவில்லை. அக்கா சிங்களத்தில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். மசாஜ் என்ற பேரில் அவர் ஆள் பிடித்தது பாலியல் தொழிலுக்குத்தான். பிறகு நெடுநேரம் அதைப் பற்றியே பேசினோம். நெதர்லாந்தில் 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விபசார விடுதிகளுக்கு இருந்த தடை நீக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பெண் அந்த அறையை வாடகைக்கு எடுத்து, வரி கட்டி, சொந்தத் தொழிலாகச் செய்கிறார். ஆபத்து வந்தால் அழுத்த அறையில் ஒரு பொத்தான் உண்டு. இங்கே இன்றும் நடைமுறையில் இருப்பவை 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும்தான். தெருவில் நிற்கும் பெண்ணைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போக அவை போதும். அவளைத் தேடி வந்தவனையோ, ஆள் காட்டி விட்டவனையோ தெருவில் எவரும் மறிப்பதில்லை. அங்கேயும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அக்கா சொல்லவில்லை. கடத்தி வரப்பட்டவர்களும் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் அந்தச் சந்தில் கைபேசியை உயர்த்தினால் கடைக்காரர் முதல் பொலிஸ் வரை அதட்டுவார்கள் என்றார். அந்தப் பேச்சு மறுநாள் ரயிலிலும் தொடர்ந்தது.

2025 பெப்ரவரி 8, சனி – ஹட்டன்

முன்பதிவு இருக்கைகள் இணையத்தில் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிட்டன. நிலையத்துக்கு வெளியே ஒருவர் அதே டிக்கட்டைப் பல மடங்கு விலைக்கு விற்க வந்தார். அவரிடம் வாங்க மனம் வராததால் மூன்றாம் வகுப்பில் நெரிசலோடு ஏறினோம். சிவனொளிபாத மலைக்குப் போகும் காலமாதலால் பெட்டி முழுவதும் வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள். ஒரு சிங்களப் பாட்டி இடித்துக்கொண்டு நின்ற டச்சுத் தோழிக்குத் தன் இருக்கையில் பாதியைக் கொடுத்து, வாழையிலையில் கட்டிய பாற்சோற்றையும் கட்டச் சம்பலையும் பிரித்து எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டார். தனக்கு மிஞ்சுகிறதா என்று அவர் பார்க்கவே இல்லை.

வட்டவளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்ட இடமெல்லாம் பெட்டிக் கதவுகளில் தொங்கிக்கொண்டு வந்த பயணிகளின் கைபேசிகள் ஒன்றாக உயர்ந்தன. சிலர் விசிலடித்து அவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தார்கள். கவனித்ததைச் சொல்கிறேன்: ஒரு சின்னப் பெண் கையசைத்தாள், அவளுக்கு மேல் நிரையில் நின்ற வயதான அம்மா தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு குனிந்தார். டச்சுக்காரரும் கெமராவை எடுத்தார். "உங்கள் ஊரில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பெண்ணை இப்படி எடுப்பீர்களா?" என்று அக்கா கேட்டார். அவர் உடனே கெமராவைக் கீழே இறக்கினார். முகத்தில் கோபம் இல்லை. யோசிக்கிறவராகத்தான் தெரிந்தார்.

இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்குக் கோபத்தை உண்டாக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்ல வந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு வரலாறுகள். பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பிறர் கண் முன்னால் நின்று பிழைக்க வேண்டிய பெண்கள், பார்க்க வருகிறவர்களுக்கு ஊரின் காட்சியாகிவிடுகிறார்கள். பிரித்தானியர் காலத்தில் கொழும்புப் படப்பிடிப்புக் கடைகள் கொழுந்து எடுக்கும் பெண்களின் படங்களைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு உலகமெங்கும் விற்றன. அவற்றின் கீழே 'தமிழ்ப் பெண், தேயிலை பறிப்பவள்' என்ற வகையில் எழுதியிருக்குமே தவிர, பெயர் இருக்காது.

ஹட்டனில் யாத்திரிகர் கூட்டத்தால் 4,500 ரூபாய் அறைக்கு 9,000 கேட்டார்கள். வெந்நீர் வராத அறைக்கு அந்த விலை அதிகம். ஆனால் இரவுச் சாப்பாடு அதை மறக்கச் செய்தது: சூடான கோதுமை ரொட்டி, பருப்புக் கறி, நெத்தலிப் பொரியல், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி, நால்வருக்கும் 1,400 ரூபாய்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு – மாமாவின் தோட்டம்

டிக்கோயாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமா இருக்கிறார். அதன் பெயரை எழுதவில்லை. எழுதினால் தேடிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். மாமாவின் வீடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான பழைய லயத்தில் நடுக்காம்பரா, அதாவது நடு அறை. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் பிற்காலத்தில் தகரம் அடித்துச் சேர்த்த குசினி. ஒரே கூரையின் கீழ் இரு பக்கமும் பல குடும்பங்கள். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

அத்தை அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, பதினொன்றேகால் மணியளவில் தொலைக்காட்சி நின்றது. தோட்டத்தில் மின்சாரம் போவது புதிதல்ல என்பதால் எவரும் அசையவில்லை. நாடு முழுவதும் இருளில் இருக்கிறது என்பதும், பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கால் அது நேர்ந்தது என்று அமைச்சர் சொன்னதும் பிறகுதான் தெரிந்தன. விறகடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் எங்கள் சமையலுக்குத் தடையில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியிருந்த காலம் அது; அத்தை தேங்காய்ச் சம்பலுக்குப் பதில் தக்காளியைச் சுட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்துச் சம்பல் செய்தார். அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சுற்றுலா வேன் வந்து லயத்தின் முன்னால் நின்றது. எந்த நிறுவனத்தின் வேன் என்பதை விட்டுவிடுகிறேன். வழிகாட்டி இறங்கி, கூட வந்தவர்களை அழைத்துக்கொண்டு, எல்லோரும் தண்ணீர் பிடித்துக் குளிக்கும் பீலிப் பக்கம் போனார். அங்கே இரண்டு பெண்கள் குறுக்குக் கட்டோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் துணியை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிய பிறகும் படம் எடுப்பது நிற்கவில்லை. அடுத்து வழிகாட்டி கடைசிக் காம்பராவின் திரையைத் தன் கையால் விலக்கி, "வாருங்கள், பிரச்சினை இல்லை" என்று உள்ளே அழைத்தார். அந்த வீட்டுப் பாட்டி கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து, சேலையைச் சரிசெய்து, யாரும் கேட்காமலே சுவரோரம் நின்றார். வந்தவர்கள் சாம்பல் படிந்த அடுப்பையும் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்களையும் எடுத்தார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரும் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னார்கள். வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வழிகாட்டியே திரையை விலக்கிவிட்டார்.

அக்கா எழுந்து போய் வழிகாட்டியிடம் தமிழிலும் வந்தவர்களிடம் டச்சு கலந்த ஆங்கிலத்திலும் பேசினார். குரலை உயர்த்தவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரசபை 2020 ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி ஜன்னல்களைக் கடந்து கூட்டமாக வழிகாட்டிச் சுற்றுலா போவதைத் தடைசெய்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்களைச் சுற்றுலாக் காட்சியாக நடத்துவது இந்தக் காலத்துக்கு ஏற்றதல்ல என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு நாளைக்கு எத்தனையோ கூட்டங்கள் வந்து நிற்பதால் அவர்களின் பிழைப்பும் கெட்டது. அதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பெண்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடியாவது இருக்கிறது. திரையை இழுத்துவிடவும் முடியும். இந்த அம்மாவுக்கு இருந்த ஒரு திரையையும் நீங்கள் விலக்கிவிட்டீர்கள்" என்றார். வேனில் வந்த ஒரு பெண்மணி பாட்டியிடம் கைகூப்பிவிட்டுத் தன் கைபேசியிலிருந்த படங்களை அவர் முன்னாலேயே அழித்தார். மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள். வழிகாட்டி, தானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்றும், இந்த வருமானம் இல்லாவிட்டால் கொழும்புக்குக் கடை வேலைக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். பாட்டியிடம் முதல் நாளே கேட்டு, அவருக்கும் ஒரு பங்கு கொடுத்து அழைத்து வந்தால் வழிகாட்டியின் வருமானம் குறைந்துவிடாது என்று மாமா சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் கெமரா வைத்திருக்கும் ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பின்னேரம் நான்கு மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பட்டுச்சேலை, கனகாம்பரம், முகத்தில் பவுடர். ஒருவர் மகளின் பூப்பு நீராட்டுக்கு வாங்கிய சேலையை உடுத்திருந்தார். பின்னால் தேயிலை தெரியக்கூடாது, கோவில் கோபுரம் தெரிய வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பமும். டச்சுக்காரர் அவர்கள் சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் கெமராவில் காட்டி, பிடிக்காததை அழித்து மறுபடியும் எடுத்தார். கோபுரத்தின் உச்சி ஒரு படத்தில் வெட்டுப்பட்டதற்காக அவரைப் புல்லில் படுக்கவைத்தே எடுக்கச் சொன்னார்கள். எழுந்தபோது இரண்டு கணுக்காலிலும் அட்டை ஏறியிருந்தது. அத்தை உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டார்.

அத்தையிடம் ஒரு பழைய படம் இருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான இலங்கை–இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று; மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கீட்டில் அத்தையின் அண்ணன் நீலகிரிக்குப் போனார். அவருடைய கடவுச்சீட்டுக்காக ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் அது. அதில் யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தலைமுறையின் படங்களாக வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிக் காரியாலயங்கள் கேட்டதால் எடுக்கப்பட்டவையே என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இரவு லாம்பு வெளிச்சத்தில் அத்தை அக்காவிடம், "நீ வேலை செய்யிற எடம் நல்ல எடந்தானா தாயி?" என்று கேட்டார். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா மறைக்கவில்லை. ஹோட்டல் இருக்கும் இடம், சந்தில் நிற்கும் பெண்கள், காலையில் வேலை முடிந்து போகிறவர்கள் தனக்கு வணக்கம் சொல்வது, தேவாலயத்தின் முன்னால் 2007 ஆம் ஆண்டில் அவர்களுக்கு மரியாதையாக நிறுத்தப்பட்ட வெண்கலச் சிலை, எல்லாவற்றையும் சொன்னார். மாமா வெளியே எழுந்து போய்விட்டார். அத்தை கொஞ்ச நேரம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவளுகளுக்கும் வீட்டுல புள்ளைக இருக்குமே, யாரு பாத்துக்குறா?" என்று கேட்டார். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போனவரின் கேள்வி அது. அக்காவுக்குத் தெரிந்த வரையில் பதில் சொன்னார்.

2025 பெப்ரவரி 10, திங்கள் – மலை, பிறகு ஹப்புத்தளை

காலை ஏழு மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. கங்காணியிடமும் பெண்களிடமும் முதல் நாளே கேட்டிருந்ததால், கெமராவை வீட்டில் வைத்துவிட்டு நாங்கள் நிரைக்கு வெளியே பாதையில் நின்று பார்த்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. தேயிலைச் செடிகளில் பனி வழிந்தது.

பயணிகள் தேடி வருவது மூங்கில் கூடையையும் நிறமான சேலையையும். இங்கே இருந்தவை வேறு. ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிய படங்குத் துணி, தலையிலிருந்து முதுகில் தொங்கும் நைலோன் பை. எனக்குப் பக்கத்து நிரையில் நின்றவரின் கைகளை நெடுநேரம் பார்த்தேன். ஆட்காட்டி விரலின் உட்பக்கம் முழுவதும் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, தோல் சின்னச் சின்னக் கோடுகளாகப் பிளந்திருந்தது. பிளவுகள் விரியாமலிருக்கப் பழைய சேலைக்கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அந்த விரல்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தன. ஒன்றுகூடப் பைக்கு வெளியே விழவில்லை. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்போது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. 2021 இல் அது படியோடு சேர்த்து ஆயிரமாக இருந்தது. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர். நிறுவையில் பைக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள். குளவிக்கொட்டு, அட்டை, சரிவில் சறுக்கும் கால், இப்போது சிறுத்தையும். ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் நால்வர் காலைச் சாப்பாடு சாப்பிட்டால் அந்த நாட்சம்பளத்தின் பெரும்பகுதி போய்விடும் என்று டச்சுத் தோழி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

பின்னேர ரயிலில் ஹப்புத்தளைக்குப் போனோம். பட்டிப்பொலவில், நாட்டின் மிக உயரமான ரயில் நிலையத்தில், ஜன்னலைத் திறக்க முடியாத அளவுக்குப் பனிமூட்டம். முந்திய நாள் பழுதால் நுரைச்சோலை மின் நிலைய இயந்திரங்கள் நின்றிருந்தபடியால் இரவில் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. தங்கிய வீட்டு அம்மா மெழுகுவர்த்தியோடு இடியப்பமும் கிழங்குச் சொதியும் கொண்டுவந்தார்.

2025 பெப்ரவரி 11, செவ்வாய் – தம்பேதென்ன, பண்டாரவளை

தைப்பூசம். விடியுமுன்பே தோட்டத்துக் கோவில்களிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது. தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேதென்னத் தொழிற்சாலையைக் கடந்து, அவர் பேரில் வழங்கும் மலைமுகட்டுக்கு ஓட்டோவில் ஏறினோம். ஒன்பது மணிக்கெல்லாம் முகில் மூடிவிடும் என்று ஓட்டோக்காரர் எச்சரித்தது சரியாக இருந்தது. போய்ச் சேர்ந்தபோது பாதி பள்ளத்தாக்குத்தான் மிச்சம் இருந்தது. உச்சியில் ஒரு சிறு கடையில் ரொட்டியும் வெறுந்தேநீரும்.

இறங்கும் வழியில், வாகனங்கள் நிற்கும் ஒரு திருப்பத்தில், சிவப்புச் சேலையும் மூங்கில் கூடையுமாக மூன்று பெண்கள் நின்றார்கள். படம் எடுத்தால் காசு. பயணிகள் பலர் முகம் சுளித்து, இது உண்மையான தொழிலாளி இல்லை, நடிப்பு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். நான் அவர்களோடு பேசினேன். முப்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர் ஒருவர். மற்ற இருவர் முழங்கால் தேய்ந்து சரிவில் நிற்க முடியாதவர்கள். இந்த மூவர்தான் தங்கள் படத்துக்குத் தாங்களே விலை சொல்கிறார்கள். ஒரு படத்துக்கு 200 ரூபாய் என்றார்கள். பேரம் பேசுகிறவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மனத்தில் அவர்கள்மீது மரியாதையே தோன்றியது. டச்சுக்காரர் காசைக் கொடுத்து, எப்படி நிற்க விரும்புகிறீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். கூடையை இறக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்றார்கள். கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன.

மதியத்துக்குப் பிறகு பண்டாரவளையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம், தோட்டத்துப் படங்களை அச்சிட. பாதிப் படங்கள் வெளியே வந்தபோது மின்வெட்டு. இயந்திரத்துக்குள் ஒரு படம் பாதியோடு நின்றது. முதலாளி வருத்தப்பட்டுத் தன் செலவில் தேத்தண்ணியும் உளுந்து வடையும் வாங்கித் தந்தார். காத்திருந்த நேரத்தில் அவர் ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்த்து, "இவங்க எல்லாரும் கலியாணத்துக்குப் போறவங்க மாதிரி இருக்காங்களே" என்றார். லயத்துக்கு அனுப்பும் தபால் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எப்போது வீட்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது; வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாத குடும்பங்கள் இன்னும் உண்டு. ஆகவே நானே கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்தோம்.

2025 பெப்ரவரி 12, புதன் – எல்ல

பௌர்ணமி விடுமுறையான போயா தினம். எல்லத் தெருக்களில் நடக்க இடமில்லை. 1921 ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலைக் காண நூற்றுக்கணக்கானோர் நின்றார்கள். செவ்விளநீர் 300 ரூபாய், ஹப்புத்தளையில் கேட்டதைவிட அதிகம். பாலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலே ஒரு ட்ரோன் பறந்து, பக்கத்து வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்ட பெண்ணின் தலைக்கு மேல் நின்றதுதான் நினைவில் நிற்கிறது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, காயாத துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். டச்சுத் தோழி ட்ரோன் வைத்திருந்த இளைஞனைத் தேடிக் கண்டுபிடித்து அதைக் கீழே இறக்கச் செய்தார். அக்கா தலையிட வேண்டியிருக்கவில்லை.

மாலையில் அவர்கள் மாத்தறைப் பக்கம் வேனில் புறப்பட்டார்கள். நான் பஸ் ஏறினேன்.

2025 பெப்ரவரி 13, வியாழன் – மீண்டும் தோட்டம்

கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் திரும்பிய பிறகு படங்களைப் பங்கிட்டேன். கோபுரம் முழுமையாக வந்ததில் எல்லோருக்கும் திருப்தி. பூப்பு நீராட்டுச் சேலை உடுத்தவர் இன்னொரு பிரதியைக் கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவரைச் சுற்றி நின்ற ஓர் இளம்பெண் மட்டும் தன் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தாள். அன்று சரி என்று சொன்னதாகவும், இப்போது அந்த வெளிநாட்டவரிடம் தன் படம் இருக்க வேண்டாம் என்று தோன்றுவதாகவும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கிருந்தே அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். சிக்னல் இல்லாததால் கோவில் மேட்டுக்கு ஏறி நின்று அனுப்ப வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: கெமராவிலும் கணினியிலும் இருந்தவற்றை டச்சுக்காரர் அழித்துவிட்டார், ஸ்டூடியோவுக்கும் தொலைபேசியில் சொல்லி அங்கிருந்த பிரதியையும் நீக்கச் செய்திருந்தார். அதை அவளிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சரி என்றாள். அச்சான படத்தைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் பெரட்டுக்கு நேரமாக எழும்ப வேண்டும் என்று வீட்டுக்குப் போனாள்.